லிமா நகரைப் பார்க்கச் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மச்சு பிச்சுவைப் பார்க்கத்தான் பெருவுக்குப் போகிறோம். வழியில் லிமாவில் ஓர் இரவு தங்கினால் போதாதா?

போதாது என்றே சொல்வேன். பெருவின் தலைநகரை விமானம் மாறும் இடமாக மட்டும் நினைத்து, மறுநாள் விடியற்காலையில் குஸ்கோவுக்குப் பறந்துவிடுகிறவர்களே மிகுதி. ஆனால் மச்சு பிச்சு இருக்கும் அந்த மலைநாட்டுக்கு நேர்ந்தது என்ன என்பதற்கு விடை கடற்கரையில்தான் இருக்கிறது. ஸ்பானியர் வருவதற்கு முன் அந்நாட்டை ஆண்ட இன்காக்களின் தலைநகரான குஸ்கோ கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. கப்பலில் வந்து கப்பலில் வெள்ளியை ஏற்றிச் செல்ல விரும்பிய ஸ்பானியருக்கு அது உதவவில்லை. முதலில் ஹௌஹா என்ற மலை ஊரைத் தலைநகராக வைத்துப் பார்த்த ஸ்பானியப் படைத் தலைவர் பிரான்சிஸ்கோ பிசாரோ, 1535 ஜனவரி 18 அன்று ரிமாக் ஆற்றங்கரையில் 'அரசர்களின் நகரம்' என்ற பெயரில் லிமாவை நிறுவினார். 18-ஆம் நூற்றாண்டில் பொகோட்டாவிலும் புவனஸ் அயர்ஸிலும் தனி ஆட்சிகள் ஏற்படும் வரை, தென் அமெரிக்காவில் ஸ்பெயினுக்கு உட்பட்டிருந்த நிலம் ஏறக்குறைய முழுவதும் இங்கிருந்தே ஆளப்பட்டது.

மூன்று முழு நாட்கள் ஒதுக்குங்கள். பயணத்தின் தொடக்கத்தில் ஒரு நாள், மலையிலிருந்து இறங்கிய பின் இரண்டு நாட்கள் என்று பிரித்துக்கொள்வது நல்லது. இந்திய நேரத்துக்குப் பத்தரை மணி நேரம் பின்தங்கிய ஊர் என்பதால் முதல் நாள் உடல் ஒத்துழைக்காது. லிமாவில் எத்தனை நாள் தங்கினாலும் அது மலை உயரத்துக்கு உடலைப் பழக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சென்னையைப் போல நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள கடற்கரை நகரம்தானே? வெயில் கடுமையாக இருக்குமா?

சென்னை வடக்கே 13 பாகையிலும் லிமா தெற்கே 12 பாகையிலும் இருக்கின்றன என்பது உண்மைதான். ஒற்றுமை அத்தோடு முடிகிறது. தென்துருவப் பக்கமிருந்து கரையை ஒட்டி வரும் ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் கடலையும் அதன்மேல் உள்ள காற்றையும் குளிர்விப்பதால், மேகம் உயர எழும்பி மழையாக மாறுவதில்லை; தாழ்ந்த பனிமூட்டமாகவே ஊரின் மேல் படிந்துவிடுகிறது. சென்னையில் ஐப்பசி மழை ஒரு மணி நேரத்தில் கொட்டும் நீர் லிமாவில் ஓராண்டு முழுவதும் சேர்ந்தாலும் விழாது. கோடிப் பேர் வாழும் இந்நகரம் ஒரு பாலைவனத்தில் இருக்கிறது என்பதைப் பூங்காக்களின் பசுமை மறைத்துவிடும்.

ஜூன் முதல் அக்டோபர் வரை வானம் சாம்பல் நிறமாகவே இருக்கும். உள்ளூர்க்காரர்கள் அதைக் 'கழுதை வயிறு' என்கிறார்கள். பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் உடனே விளங்கும். வெப்பநிலை 15 முதல் 19 பாகை செல்சியஸ்தான் என்றாலும் ஈரப்பதத்தால் குளிர் கூடுதலாகத் தெரியும். துவைத்துப் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. 'காருவா' எனப்படும் பொடித்தூறல் விழும். குடை வேண்டாம், கம்பளிச் சட்டை வேண்டும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல வெயில் இருக்கும், அதுவும் பெரும்பாலும் 30 பாகையைத் தாண்டாது.

சிக்கல் என்னவென்றால், லிமாவில் வெயில் காயும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில்தான் குஸ்கோ மலைகளில் மழை கொட்டுகிறது. மச்சு பிச்சுவுக்கு நடந்து செல்லும் இன்கா நடைபாதை பிப்ரவரி மாதம் முழுவதும் மூடப்பட்டிருக்கும். இரண்டையும் பார்க்க விரும்புவோருக்கு ஏப்ரல் இறுதியும் மே மாதத் தொடக்கமும் ஓரளவு நடுநிலையான காலம்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு விசா தேவையா?

தேவை, ஆனால் விதிவிலக்கு உண்டு. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா அல்லது ஷெங்கன் நாடுகளின் விசா குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் நிலையில் இருந்தாலோ, அந்நாடுகளில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருந்தாலோ, சுற்றுலாவுக்குத் தனி விசா கேட்பதில்லை என்ற நடைமுறை 2017 முதல் இருந்து வருகிறது. விதிகள் மாறக்கூடும் என்பதால் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் புது தில்லியில் உள்ள பெரு தூதரகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. மாட்ரிட், ஆம்ஸ்டர்டாம், பாரிஸ் வழியாகவோ அமெரிக்க நகரங்கள் வழியாகவோ செல்ல வேண்டும். அமெரிக்கா வழியே செல்வோர் அங்கே விமானம் மாறுவதற்கே விசா வேண்டும்.

தடுப்பூசி ஏதாவது போட வேண்டுமா?

பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். மஞ்சள் காய்ச்சல் அமேசான் காட்டுப் பகுதியைச் சேர்ந்த நோய். லிமாவிலும் குஸ்கோவிலும் அந்த அச்சம் இல்லை. பெரு அரசும் உங்களிடம் சான்று கேட்காது. ஆனால் திரும்பி வரும்போது இந்தியா கேட்கும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் பெருவும் இருப்பதால், தடுப்பூசிச் சான்று இல்லாமல் அங்கிருந்து வந்து இறங்குவோரை ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்க முடியும். ஊசி போட்டுப் பத்து நாட்களுக்குப் பிறகுதான் சான்று செல்லுபடியாகும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் போதும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இந்த ஊசி போடப்படுகிறது. குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே போடுவார்கள் என்பதால் ஒரு மாதம் முன்னதாகவே விசாரித்துவிடுங்கள்.

எந்தப் பகுதியில் தங்கலாம்?

மிராஃப்ளோரெஸ், சான் இசித்ரோ, பர்ராங்கோ ஆகிய மூன்றில் ஒன்று. முதலாவது வசதியானது, இரண்டாவது அமைதியானது, மூன்றாவது அழகானது. பழைய நகரத்துக்குள் தங்கினால் நடந்தே எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று தோன்றும். ஆனால் கடைகள் மூடிய பிறகு அத்தெருக்கள் வெறிச்சோடிவிடுகின்றன. பகலில் போய் மாலையில் திரும்பிவிடுவதே சரி.

பழைய நகரத்தில் எதை முதலில் பார்ப்பது?

பிளாசா மயோர் எனப்படும் பெரிய சதுக்கத்திலிருந்து தொடங்குங்கள். வடக்கே, பிசாரோவின் வீடு இருந்த மனையில் இன்று குடியரசுத் தலைவரின் மாளிகை. அந்த வீட்டிலேயே 1541 ஜூன் 26 அன்று எதிரணி ஸ்பானியர்கள் அவரை வெட்டிக் கொன்றனர். கிழக்கே பேராலயம், அதில் அவருடைய எலும்புகள். நீண்ட காலமாகப் பிசாரோவின் உடல் என்று கண்ணாடிப் பேழைக்குள் காட்டப்பட்டுவந்த சடலம் வேறொருவருடையது. 1977-இல் நிலவறையில் வேலை செய்தவர்கள் பெயர் பொறித்த ஈயப் பெட்டி ஒன்றைக் கண்டெடுத்த பிறகு, ஆய்வாளர்கள் காயத் தழும்புகளை ஒப்பிட்டு, உண்மையான எலும்புகள் எவை என்று முடிவு செய்தனர். 1821 ஜூலை 28 அன்று விடுதலைப் படைத் தலைவர் ஹோசே தே சான் மார்ட்டின் பெருவின் விடுதலையை அறிவித்ததும் இதே சதுக்கத்தில்தான். பிசாரோவின் குதிரைச் சிலை 2003-இல் சதுக்கத்துப் பக்கத்திலிருந்து அகற்றப்பட்டு, 2025-இல், நகரின் 490-ஆம் ஆண்டு விழாவின்போது, மீண்டும் சதுக்கத்தை ஒட்டி வைக்கப்பட்டது. அவரை நகரத் தந்தை என்பதா கொலைகாரர் என்பதா என்ற வழக்கு லிமாவில் இன்னும் தீரவில்லை.

அடுத்து நிமிர்ந்து பாருங்கள். சுவரிலிருந்து பெட்டி போல் துருத்தி நிற்கும் மூடிய மர மாடங்கள்தான் லிமாவின் முகம். முஸ்லிம்கள் ஆண்ட தெற்கு ஸ்பெயினிலிருந்து வந்த மரபு அது. உள்ளே இருப்பவர் தெருவைப் பார்க்கலாம், தெருவில் போகிறவருக்கு உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். 1735-இல் கட்டி முடிக்கப்பட்ட தோர்ரே தாக்லே மாளிகையின் மாடங்கள் இவற்றுள் தலைசிறந்தவை. அங்கே இப்போது வெளியுறவு அமைச்சகம் இயங்குவதால் வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறைவடைய வேண்டியிருக்கும். சதுக்கத்துக்கு அருகில் உள்ள அலியாகா இல்லமோ, 1535-இல் பிசாரோ தம் தோழர் ஒருவருக்குக் கொடுத்த மனையில் அத்தோழரின் வழிவந்தவர்களே இன்றுவரை வைத்திருக்கும் வீடு. முன்பதிவு செய்து உள்ளே போகலாம்.

பளிங்கும் கல்லுமாகத் தோன்றும் இக்கட்டடங்களில் பெரும்பகுதி மண் என்பதை யாரும் சொல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. 1746 அக்டோபர் 28 அன்று நேர்ந்த நிலநடுக்கம் நகரத்தைத் தரைமட்டமாக்கியது; அதைத் தொடர்ந்து வந்த ஆழிப்பேரலை கயாவோ துறைமுகத்தை அழித்தது. அதன்பின் மேல்தளங்களையும் ஆலயங்களின் வளைகூரைகளையும் 'கின்ச்சா' முறையில், அதாவது நாணலும் மரமும் பின்னி மண் பூசும் முறையில் கட்டினார்கள். இது ஸ்பானியர் வருவதற்கு முன்பே இம்மண்ணில் இருந்த கைவினை. நிலம் ஆடும்போது கல் விரிசல் விடும். நாணலோ சேர்ந்து ஆடும். மழையே இல்லாத ஊரில் மண் கூரை கரைந்துவிடுமோ என்ற கவலையும் கிடையாது. பேராலயத்துக்குள் நிற்கும்போது, தலைக்கு மேலே இருப்பது நம்மூர் மண்சுவர் வைத்த குடிசைக்கு உறவானது என்ற நினைப்பு எனக்கு ஆலயத்தின் பொன்வேலைகளைவிடப் பெரிதாகப்பட்டது.

சான் பிரான்சிஸ்கோ மடத்தின் நிலவறைக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா?

உங்கள் குழந்தையைப் பொறுத்தது. 1808-இல் நகருக்கு வெளியே பொது இடுகாடு திறக்கப்படும் வரை, மக்களை ஆலயங்களுக்குக் கீழேயே புதைத்தார்கள்; இம்மடத்தின் அடியில் மட்டும் ஏறத்தாழ 25,000 பேர் புதைக்கப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். பிற்காலத்தில் ஆய்வாளர்கள் எலும்புகளை வகைபிரித்து, தொடை எலும்புகளையும் மண்டையோடுகளையும் வட்டவட்டமாக, கோலம் போட்டாற்போல அடுக்கி வைத்திருக்கிறார்கள். வழி குறுகலானது, கூரை தாழ்வானது, புகைப்படம் எடுக்க அனுமதி இல்லை. நிலவறை பிடிக்காதவர்கள்கூட மேலே உள்ள நூலகத்தைத் தவறவிடக் கூடாது: சுழல் படிக்கட்டும், ஆயிரக்கணக்கான பழைய நூல்களும் அங்கே உண்டு. 1988-இல் யுனெஸ்கோ இந்த மடத்தைத்தான் முதலில் உலக மரபிடமாக ஏற்றது; 1991-இல்தான் பழைய நகரம் முழுவதும் அதில் சேர்ந்தது.

ஸ்பானியருக்கு முந்தைய லிமாவைக் காண முடியுமா?

முடியும், அதுவும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவிலேயே. மிராஃப்ளோரெஸில் உள்ள வாகா புக்யானா, கி.பி. 200 முதல் 700 வரையிலான லிமா பண்பாட்டுக் காலத்தில் எழுந்த படிநிலைக் கோயில். கோடிக்கணக்கில் எனத் தோன்றும் சிறு சுடாத செங்கற்களைக் கிடத்தி வைக்காமல், அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல நிற்க வைத்து, இடையே சிறிது இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். நிலநடுக்கத்தைத் தாங்கும் உத்தி. நீண்ட காலம் வெறும் மண்மேடாகக் கிடந்து, ஓரங்களை வீடுகளுக்கும் தெருக்களுக்கும் பறிகொடுத்த பிறகு, 1981-இல்தான் முறையான அகழாய்வு தொடங்கியது. வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

ஒரு முழு நாள் கிடைத்தால் தெற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாச்சகாமாக் செல்லுங்கள். இன்காக்கள் இந்தக் கடற்கரையை வென்றபோதும் இங்கிருந்த குறிசொல்லும் தெய்வத்தை அகற்றாமல், பக்கத்திலேயே தங்கள் சூரியன் கோயிலைக் கட்டிக்கொண்டார்கள். 'லிமா' என்ற பெயரும்கூடப் 'பேசுபவன்' என்ற பொருள்படும் ரிமாக் என்னும், மலைநாட்டு மக்களின் கெச்சுவா மொழிச் சொல்லின் திரிபுதான்.

ஒரே ஓர் அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால்?

லார்கோ அருங்காட்சியகம். ரஃபேல் லார்கோ ஓய்லே 1926-இல் நாட்டின் வடக்கே தொடங்கிய சேகரிப்பு, இப்போது புவெப்லோ லிப்ரே பகுதியில், பழைய பிரமிடு ஒன்றின் மேல் எழுந்த 18-ஆம் நூற்றாண்டு மாளிகையில் இருக்கிறது. இன்காக்களுக்கு முன் வடக்குக் கடற்கரையில் வாழ்ந்த மோச்சே மக்கள் வனைந்த முகப் பானைகளைப் பார்க்கவே அங்கே போகலாம். சிரிப்பவர், கண் பழுதானவர், முறைப்பவர் என ஒவ்வொன்றும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன் வாழ்ந்த யாரோ ஒருவரின் முகம். காட்சிக்கு வைக்காத பல்லாயிரம் கலங்கள் உள்ள கிடங்கையும் பார்வையாளருக்குத் திறந்துவிட்டிருப்பது வேறெங்கும் எளிதில் கிடைக்காத வாய்ப்பு. பாலுறவுச் சிற்பக்கலங்கள் தனிக் கூடத்தில் இருப்பதால், குடும்பத்தோடு வருவோர் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இரண்டாவதுக்கும் நேரம் இருந்தால், மிராஃப்ளோரெஸ் கடலோரப் பாறைமேட்டில் 2015-இல் திறக்கப்பட்ட நினைவிடத்தைப் பரிந்துரைப்பேன். 1980 முதல் 2000 வரை 'ஒளிரும் பாதை' என்ற ஆயுதக் குழுவுக்கும் அரசுப் படைகளுக்கும் இடையில் சிக்கி ஏறக்குறைய 69,000 பேர் இறந்ததாக உண்மை ஆணையம் 2003-இல் மதிப்பிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கெச்சுவா பேசும் மலைநாட்டு ஏழைகள். சுற்றுலாவுக்கு நடுவே கனமான இடம்தான். ஆனால் லிமாவைச் சுற்றியுள்ள மணல்மேடுகளில் ஏன் இத்தனை குடியிருப்புகள் ஏறி நிற்கின்றன என்பதற்கான விடைகளில் ஒன்று அங்கே கிடைக்கிறது.

சாப்பாடு எப்படி இருக்கும்? சைவர்கள் சமாளிக்க முடியுமா?

லிமாவுக்குச் சாப்பிடுவதற்காகவே விமானம் ஏறி வருகிறவர்கள் உண்டு. முதலிடம் செவிச்சேவுக்கு: அன்றைய மீனைத் துண்டு போட்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகாய், வெங்காயம் சேர்த்துப் பிசறி, அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோடும் மக்காச்சோளத்தோடும் வைப்பார்கள். அடுப்பே ஏறாத மீன் என்று தயங்குவோர் தயங்கலாம். புளிப்பு அதன் தசையை வெளுக்கச் செய்து இறுக்கிவிடும். காலையில் பிடித்ததை மதியத்துக்குள் தீர்ப்பது பழைய வழக்கம் என்பதால், நல்ல செவிச்சே கடைகள் பல மாலையில் மூடிவிடும். இரவு உணவுக்கு அதைத் தேடி அலையாதீர்கள்.

1849 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட சீனர்கள் தந்த கொடை 'சீஃபா' எனப்படும் உணவகங்கள். 'சௌஃபா' என்பது நம்மூரில் ஃபிரைடு ரைஸ் என்று தட்டில் விழுவதன் உடன்பிறப்பு. பழைய நகரத்தின் கப்போன் தெருவில் அலங்கார வளைவு தாண்டினால் சீனர் தெருவே வந்துவிடும். 1899-இல் வந்து இறங்கத் தொடங்கிய ஜப்பானியர் மீனை மெல்லிதாக அரியக் கற்றுக்கொடுத்தார்கள். தள்ளுவண்டிகளில் சுடும் 'அன்டிகூச்சோ' மாட்டின் இதயம்; மாட்டிறைச்சி தவிர்ப்போர் கவனிக்க. அதே வண்டிக்குப் பக்கத்தில் 'பிக்கரோனெஸ்' கிடைக்கும்: பூசணியும் சர்க்கரைவள்ளியும் கலந்த மாவை உளுந்துவடை போல் துளையிட்டுப் பொரித்து, வெல்லப் பாகு ஊற்றித் தருவார்கள். இதை விட்டுவிட்டு வராதீர்கள்.

சைவர்களுக்குச் சமாளிக்க முடியும், சொல்லத் தெரிந்தால். 'கார்னே' என்றால் அங்கே பெரும்பாலும் ஆட்டு, மாட்டு, பன்றி இறைச்சிதான். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வரும். 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ' என்று மூன்றையும் விலக்கிச் சொல்லுங்கள். முட்டை விலக்க 'சின் உவேவோ'. சோறும் பயறும் சேர்த்து வறுக்கும் தாக்கு தாக்கு, மஞ்சள் மிளகாயும் பாலாடைக்கட்டியும் அரைத்து உருளைக்கிழங்கின்மேல் ஊற்றும் உவான்காயினா, ஊதாச் சோளத்தைப் பட்டை கிராம்போடு கொதிக்க வைத்த சிச்சா மொராதா ஆகியவை கைகொடுக்கும். உருளைக்கிழங்கும் நிலக்கடலையும் மிளகாயும் நம் சமையலறைக்கு வந்தது இந்தக் கண்டத்திலிருந்துதான் என்பதால், சந்தைக்குப் போனால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனதுபோல இருக்கும். சீத்தாப்பழத்தின் உறவான சிரிமோயாவை வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். குழாய் நீரை உள்ளூர் மக்களே கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறார்கள்.

கடலில் குளிக்கலாமா?

மிராஃப்ளோரெஸ் பாறைமேட்டுக்குக் கீழே உள்ள கரைகளில் மணலுக்குப் பதில் கூழாங்கற்கள். தண்ணீரோ கோடையிலும் குளிர். அலைச்சறுக்கு கற்க விரும்புவோருக்கு நல்ல இடம், காலை நனைக்க விரும்புவோருக்கு அல்ல.

ஊருக்குள் எப்படிப் போய்வருவது?

பொறுமையோடு. மிராஃப்ளோரெஸிலிருந்து பழைய நகரம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர்தான், ஆனால் நெரிசல் வேளையில் காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தனித்தடத்தில் ஓடும் மெத்ரோபொலித்தானோ பேருந்து அதைவிட விரைவானது. நிலையத்தில் ஓர் அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால், குடும்பம் முழுவதும் அதைக் கொண்டே செல்லலாம். வாடகைக் கார்களில் மீட்டர் கிடையாது. தெருவில் கை காட்டி ஏறுவதைவிடச் செயலி வழியே அழைப்பதே பாதுகாப்பு. விமான நிலையம் கயாவோவில் இருக்கிறது. 2025 ஜூன் முதல் புதிய முனையம் இயங்குகிறது.

பாதுகாப்பானதா?

எச்சரிக்கை தேவை. மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களால் 2024, 2025 ஆண்டுகளில் லிமாவிலும் கயாவோவிலும் அரசு பலமுறை நெருக்கடிநிலை அறிவித்தது. அக்கும்பல்களின் இலக்கு பெரும்பாலும் பேருந்து ஓட்டுநர்களும் சிறு வணிகர்களும்தான். பயணியர் பறிகொடுப்பது கைப்பேசியை. நடைபாதை ஓரத்தில் நின்று வரைபடம் பார்க்காதீர்கள், கார் சன்னலை இறக்கிவிட்டுப் படம் எடுக்காதீர்கள். அரசியல் ஆர்ப்பாட்டம் நடக்கும் நாளில் பெரிய சதுக்கத்தைக் கம்பிவேலியிட்டு மூடிவிடுவார்கள். அன்று பழைய நகரத்தை மறந்துவிட்டு வேறு பக்கம் போங்கள். நாணயம் 'சோல்'. ரூபாயை மாற்ற முடியாது. கிழிசலோ கறையோ இல்லாத டாலர் நோட்டுகளாகக் கொண்டுபோங்கள், சிறு கிழிசலுக்கும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அக்டோபரில் ஊரே ஊதா நிறமாகிவிடும் என்கிறார்களே?

அற்புதங்களின் ஆண்டவர் திருவிழா அது. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆப்பிரிக்காவின் அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை ஒருவர் மண்சுவரில் தீட்டிய சிலுவை ஓவியம், 1655 நிலநடுக்கத்தில் சுற்றியிருந்தவை இடிந்தபோதும் விழாமல் நின்றது. அடிமைகளின் வழிபாடாக இருந்தது நகரத்தின் வழிபாடானது. இன்று அந்த ஓவியத்தின் படியை வெள்ளித் தேர்மேடையில் வைத்து, ஊதா அங்கி அணிந்த ஆண்கள் முறைவைத்துத் தோளில் சுமக்க, பெண்கள் சாம்பிராணிப் புகையோடு முன்னே பின்னோக்கியே நடந்துவர, இலட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். நம் ஊர்களில் உற்சவர் வீதியுலா பார்த்தவர்களுக்குத் தோள்மாற்றும் அந்த ஆட்டம் அந்நியமாகத் தோன்றாது. வானம் சாம்பலாக இருந்தாலும் பரவாயில்லை என்று துணிந்து அக்டோபரில் வரத்தக்க காரணம் இது ஒன்றுதான்.

நிலநடுக்கம் வந்தால் என்ன செய்வது?

கட்டடங்களின் தூண்களில் 'எஸ்' என்ற எழுத்து பொறித்த பச்சைப் பலகை இருக்கும். அதன் அடியில் போய் நில்லுங்கள். உணவகத்தில் உட்காரும்போதே அது எங்கே என்று பார்த்துவைத்துக்கொள்வது லிமாவாசிகளின் பழக்கம். கடற்கரையில் இருந்தால், அசைவு நின்றதும் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். படிகளைக் காட்டும் பலகைகள் உண்டு.

கடைசி நாளில் விமானத்துக்கு முன் அரை நாள் மிச்சம் இருந்தால்?

சாம்பல் மாதமானால் சான் இசித்ரோவின் ஒலிவத் தோப்பு. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவியா நகரிலிருந்து கப்பலில் வந்து பிழைத்த சில கன்றுகளிலிருந்து பெருகிய தோப்பு அது. பழைய மரங்களின் முறுக்கேறிய அடிமரத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். வெயில் மாதமானால் பர்ராங்கோ. 1876-இல் கட்டிய மரப் பாலத்தைக் கடந்து, கடலை நோக்கி இறங்கும் பாதையின் முனைக்குப் போங்கள். சூரியன் கடலிலிருந்து எழுவதை மட்டுமே மெரினாவில் பார்த்துப் பழகியவர்களுக்கு, அது கடலுக்குள் இறங்குவதைக் காண்பது ஒரு மாற்றம். பார்த்து முடித்ததும் உடனே கிளம்பிவிடுங்கள். அந்த வேளையில் விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம்.